நேற்றுப் பிடித்த வாத்து

மனிதர்களில் நேற்றுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் செய்ததைத்தான் பார்த்திருக்க மாட்டீர்கள். அவருடைய சமையல், பாட்டு, வீரம், தோட்டத்து ரோஜா எல்லாமே நீங்கள் போவதற்கு ஒரு நாள் முன்புதான் உச்சத்தில் இருந்திருக்கும். நீங்கள் போய் நிற்கும் நாளில் உப்பு கூடிவிட்டது, தொண்டை கட்டிவிட்டது, ரோஜா காலையில்தான் உதிர்ந்தது. பொய் சொல்கிறாரா என்றால், அதுதான் இல்லை. பொய்யரைப் பிடித்துவிடலாம். நேற்றுக்காரர் தன் நேற்றை மனமார நம்புகிறவர்.

இந்த ரகத்தில் நான் கண்ட உத்தமமான மாதிரி லைல் ஹோக்ஸ்ட்ரா. வயோமிங்கில் எங்கள் சிற்றூரின் பள்ளிப் பேருந்தை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வேலிக்கு இந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருப்பவன் நான். ஓய்வு பெற்ற மற்றவர்கள் தூண்டில் வாங்கினார்கள். லைல் ஒரு பெண் வல்லூறு வாங்கினார். அதைப் பழக்கி வாத்து வேட்டையாடுவது அவர் திட்டம். பறவைக்கு மேடம் என்று பெயர். உதவிக்கு இரண்டு நாய்கள். ஜட்ஜ் கிழம், உட்கார்ந்தால் எழுந்திருக்காது. பிஸ்கட் அவசரக்குடுக்கை, உட்காரவே உட்காராது.

வேட்டை, சொல்வதற்கு எளிது. குட்டையில் வாத்துகள் மிதக்கும்போது கரைக்குப் பின்னால் பதுங்கி நின்று, வல்லூறின் கண்ணை மறைத்திருக்கும் தோல் தொப்பியைக் கழற்றிப் பறக்கவிட வேண்டும். அது வட்டமடித்து வட்டமடித்துக் கடுகளவாகும் வரை மேலேறி, குட்டைக்கு நேர் மேலே காத்திருக்கும். பிறகு நாய்களோடு நாமும் கூச்சலிட்டுக்கொண்டு கரையேறினால் வாத்துகள் எழும்பும். வல்லூறு வானத்திலிருந்து கல்லாக விழும். அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் பதினேழு முறை போயிருக்கிறேன். தொப்பியைக் கழற்றுவது வரை எல்லாம் அப்பழுக்கில்லாமல் நடக்கும்.

அப்புறம் மேடம் உலகத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். இறகை உதறுவார். லைலின் சட்டையில் எச்சமிடுவார். அரை மைல் பறந்துபோய் மின்கம்பத்தில் அமர்வார்.

"இன்னிக்கு எடை ஏழு கிராம் கூட," என்பார் லைல். பறவையைத் தினமும் காலையில் தராசில் நிறுத்துகிறவர் அவர். "வயிறு ரொம்பினவன் வேலைக்கு வருவானா? நேத்து வந்திருக்கணும்ப்பா நீ. மேகத்துக்குள்ள போயிட்டா. அங்கேருந்து ஒரு இறக்கம் இறங்கினா பாரு, எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

"அப்படியா," என்பேன்.

மறுமுறை காற்று. அதற்கடுத்த முறை வெயில். ஒரு முறை குற்றவாளி என்னுடைய சிவப்புக் குல்லா. நீலக் குல்லா போட்டுக்கொண்டு போனேன். நீலம் சிவப்பைவிட மோசமாம்.

அவர் மனைவி வெர்னா ஒரு நாள் வேலியோரம் வந்து, புருஷன் காதில் விழும்படியே சொன்னாள்: "நேத்துப் பிடிச்ச வாத்து எங்கேன்னு கேளுங்க. இந்த வீட்டுல சமைக்கிறவ நான்தான். மூணு வருஷமாக் கோழிதான் வேகுது."

"அவ உழைச்சுப் பிடிச்சா, அவளே சாப்பிட்டா," என்றார் லைல். "அதைப் போய்ப் பிடுங்கச் சொல்றியா?"

இப்படியே போயிருக்கும், ஆர்டிஸ் தோர்சன் குறுக்கே வராவிட்டால். எழுபத்தாறு வயது, முந்நூறு மாடு, பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. லைல் வேட்டைக்குப் போகும் குட்டை அவளுடையது. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காபிக் கடையில், எல்லோர் முன்னாலும், அவர் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"லைல், மூணு வருஷமா என் குட்டையில நிக்கிற. உன் பறவை வாத்துப் பிடிச்சு நான் பாக்கல. அந்தக் குட்டையைக் கேட்டுத் துப்பாக்கிக்காரங்க வந்திருக்காங்க. நிஜமாவே சுடறவங்க. சனிக்கிழமை நான் வரேன். என் கண்ணால ஒரு வாத்தைப் பாத்தா, நான் இருக்கிறவரைக்கும் குட்டை உனக்கு. இல்லேன்னா அவங்களுக்கு."

"ஆர்டிஸ், நீ திங்கக்கிழமையே வந்திருந்தா..."

"சனிக்கிழமை," என்றாள் அவள்.

அந்த நான்கு நாளும் லைல் லைலாக இல்லை. சுற்றுவட்டாரத்தில் அவருக்கு வேறு குட்டை கிடையாது. மற்றதெல்லாம் உறைந்துவிடும், அல்லது வேலிக்குள் இருக்கும். மேடத்தை நாளைக்கு மூன்று தடவை நிறுத்துப் பார்த்தார். வானிலை அறிக்கையை வேதம் போல் படித்தார். வியாழக்கிழமை வேலியோரம் வந்து நின்று, கையுறையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நிஜமாவே பிடிச்சிருக்கா. ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் நான் ஒத்தையாத்தான் இருந்தேன். மத்த நாளைப் பத்திச் சொன்னதெல்லாம்..." என்று நிறுத்தினார். "அந்த ரெண்டு நாளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிருக்கேன் போல."

அன்றைக்கு எனக்கு அவர்மேல் கேலி வரவில்லை.

சனிக்கிழமை. கரைக்குப் பின்னால் ஆர்டிஸ் மடக்கு நாற்காலியைப் போட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் வெர்னாவும் நானும். லைல் தொப்பியைக் கழற்றினார். மேடம் உலகத்தைப் பார்த்தார், உதறினார், பறந்தார். மின்கம்பத்தைக் கடந்தார். ஏறினார். வட்டம் வட்டமாக, நாங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும்படி, ஒரு புள்ளியாகும் வரை ஏறினார்.

"லைல்," என்றாள் வெர்னா மெதுவாக, "மேலேயே நிக்குது."

நாய்களைக் கிளப்பிக்கொண்டு கரையேற வேண்டிய மனிதர் என்ன செய்தார்? பழக்கம் விடுமா? கரைக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பினார். "ஆர்டிஸ், முதல்லயே சொல்லிடறேன். வடக்குக் காத்து அடிக்குது. இந்தக் காத்துல எந்த வல்லூறும் சரியா இறங்காது. புதன்கிழமை இதே நேரம்..."

பிஸ்கட் பொறுத்துப் பார்த்தது. பிறகு தானே முடிவெடுத்துக் கரையேறி, அந்தப் பக்கம் தண்ணீரில் குதித்தது. பத்துப் பன்னிரண்டு வாத்துகள் சடசடவென்று கரைக்கு மேலே எழும்பின. புள்ளி விழுந்தது. பட்டுத் துணியை முழு நீளத்துக்குக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம்; அடுத்து ஒரே ஒரு அடி. பச்சைத்தலை ஆண் வாத்து ஒன்று காற்றிலேயே மடங்கிப் புதருக்குள் போய் விழுந்தது. மேடம் திரும்பி வந்து அதன்மேல் இறங்கினார்.

லைல் பார்த்தது எங்கள் மூன்று பேரின் திறந்த வாயை மட்டும். அவர் திரும்பியபோது நாலைந்து இறகுகள் மிதந்துகொண்டிருந்தன.

"என்ன ஆச்சு?"

"பேச்சை நிறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாள் ஆர்டிஸ். "குட்டை உன்னுதுடா, மடையா."

அவர் ஓடிப்போய்ப் புதரருகே மண்டியிட்டார். ஒரு துண்டு இறைச்சியைக் காட்டி மேடத்தைக் கையில் ஏற்றிக்கொண்டார். பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எந்தப் பக்கமா வந்தா?"

"நெட்டுக்குத்தா," என்றாள் வெர்னா. "இல்ல, சூரியன் பக்கமிருந்து சாஞ்சு," என்றாள் ஆர்டிஸ். நான் பார்த்தது இரண்டுமில்லை. லைல் மூன்று கதையையும் கேட்டுக்கொண்டார்.

"சாட்சியோட நடந்தது இந்த ஒரே தடவை," என்றார். "சாட்சியெல்லாம் பாத்தாச்சு. நான்தான் பாக்கல."

வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். சற்றுப் பொறுத்து அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா வாத்தை வறுத்தாள். லைல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதன்பின் காபிக் கடையில் யார் கேட்டாலும், "நான் பாக்கல, ஆர்டிஸைக் கேளுங்க," என்றுதான் சொல்கிறார். கேட்காதவர்களுக்கும் ஆர்டிஸ் சொல்கிறாள். தபால்காரர், மாட்டு வைத்தியர், வழி கேட்க வண்டியை நிறுத்தியவர், ஒருவரையும் விடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த வல்லூறு இன்னும் நூறடி கூடுதல் உயரத்திலிருந்து விழுகிறது.

டிசம்பரில் என் மச்சான் தாமோதரன் ஓசூரிலிருந்து வந்திருந்தார். இரவல் கோட்டுக்குள் நடுங்கியவரைக் கரைக்கு அழைத்துப் போனேன். மேடம் நேராக மின்கம்பத்துக்குப் போனார். லைல் வாயே திறக்கவில்லை. ஆனாலும் ஒரு குரல் கேட்டது: "போன மாசம் வந்திருக்கணும் மச்சான் நீங்க. பட்டுத் துணி கிழியற மாதிரி ஒரு சத்தம்..."

என் குரல்தான்.

"அப்படியா," என்றார் மச்சான், மூக்கைத் துடைத்துக்கொண்டே. லைல் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நாய்களைக் கூப்பிடப் போனார்.

நீங்கள் சிரிக்கலாம், தாராளமாக. இந்த வியாதி எனக்கில்லை என்றும் நினைத்துக்கொள்ளலாம். நாளைக்கு நண்பர் ஒருவரைப் பிடித்து இந்த மேடம் கதையைச் சொல்வீர்கள். பாதியில் அவர் கைபேசியை எடுப்பார். "நான் சரியாச் சொல்லல. நீ படிச்சிருக்கணும்," என்று இழுப்பீர்கள். அப்போது அவர் முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.