கடைக்காரர் வீட்டுக் காய்ச்சல்

சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு வரவில்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கோடு வருகிற வழியாக இல்லை.

"அப்ப ஃப்ளூ இல்லைதானே டாக்டர்?" என்றாள் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. எல்லாவற்றையும் நல்லதாகவே நினைக்கிற பருவம்.

"கோடு வந்தா இருக்குன்னு அர்த்தம். வரலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை சிஸ்டர்."

நர்ஸ் புரிந்துவிட்டதுபோல் தலையாட்டினாள்.

நோயாளி திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அது டாக்டர் போட்ட சட்டம். காய்ச்சல் சீசன் முடியும்வரை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டோக்கன்தான். முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது. மூக்கில் குச்சி விடுவதெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம், நர்ஸின் பொறுப்பு. ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். இது போதாதென்று இந்தம்மா குளிருக்குத் தலையோடு சால்வை போர்த்தியிருந்தார். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்ததில், டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மூட்டையும் அதன் மேல் ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியும்தான்.

அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இருமலை வைத்தே எந்த வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு அக்கம்பக்கத்தில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியவரும் அவரே. இந்த இருமலையும் எங்கோ கேட்டிருக்கிறார், மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதுபோல. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"எப்ப ஆரம்பிச்சது?"

"முந்தாநாள் ராத்திரி." தொண்டை கட்டி, குரல் வெறும் காற்றாக வந்தது.

"நேத்தே ஏன் வரலை?"

"வெறும் சளின்னுட்டாரு வீட்டுக்காரர். வெந்நீர் குடிச்சிட்டுப் படுன்னாரு."

டாக்டரின் பேனா நின்றது. போன வாரம் ஒரு தையல்காரர் இதே வார்த்தைகளைச் சொல்லி மனைவியை வீட்டிலேயே வைத்திருந்தார். இன்று அந்தம்மா பெரிய ஆஸ்பத்திரியில் குழாயின் தயவில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து டாக்டருக்குச் சரியான தூக்கம் இல்லை. யாரோடும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

"வேற ஏதாவது உண்டா? பிரஷர், சுகர்?"

"சுகர். பல வருஷமா."

"தடுப்பூசி?"

"இந்த வாரம், அடுத்த வாரம்னு அவருதான் தள்ளிக்கிட்டே போனாரு."

"சுகர் இருக்கிறவங்களுக்கா? அந்த மனுஷனுக்கு என்னம்மா வேலை?"

இருமல் வந்தது. "நாள் முழுக்க... ஜனங்களோட..."

"கடைக்காரரா. நினைச்சேன். முன்னாடி வந்து நிக்கிறவங்கதான் அவங்க கண்ணுக்குத் தெரிவாங்க. வீட்ல இருக்கிற ஆள் தெரியாது."

மூட்டை மறுக்கவில்லை.

எழுந்து போய் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "மூச்சை இழுங்க. விடுங்க." நெஞ்சு சுத்தமாக இருந்தது. இப்போதைக்கு.

"சிஸ்டர், கோட்டுக்காகக் காத்திருக்க முடியாது. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். நாள் தள்ளினா அதோட பலன் குறைஞ்சிடும். கீழ மருந்துக்கடையில வாங்கிட்டு வாங்க."

நர்ஸ் வெறுங்கையோடு திரும்பினாள். "தீர்ந்துபோச்சாம். தெருக்கோடியிலயும் கேட்டுட்டேன். நாளன்னிக்குத்தான் வருமாம்."



டாக்டர் மேசை டிராயரைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு அட்டை மாத்திரை இருந்தது. ஊரே இருமுகிற அறையில் உட்கார்ந்திருக்கிறவர், தனக்கு வந்தால் வேண்டுமென்று ஒளித்துவைத்தது. காலையிலிருந்து தொண்டையில் ஏதோ உறுத்தல் வேறு. எச்சில் விழுங்கிப் பார்த்தார். வலித்தது. இன்னொரு முறை விழுங்கினார். வலித்த மாதிரியும் இருந்தது, வலிக்காத மாதிரியும் இருந்தது.

ஜன்னலோரம் மூட்டை குலுங்கிக் குலுங்கி இருமியது. அவர் டிராயரைத் திறந்தார்.

"இந்தாங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அஞ்சு நாள். நல்லாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்கினா உடனே வரணும்."

"இது உங்களுக்கு வேணாமா டாக்டர்?"

"என்னைப் பாத்துக்க வீட்ல ஆள் இருக்காங்கம்மா. உங்களுக்குத்தான் யாரும் இல்லை."

மூட்டை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஆவி இன்னும் கொஞ்சம் ஏறியது.

"அந்தக் கடைக்காரர் நம்பரைக் குடுங்க, நானே பேசறேன்."

"வேலை நேரத்துல எடுக்க மாட்டாரு."

"எப்படி எடுப்பாரு. சரி, டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க. உங்களுக்குத் தனி ரூம். அவரு ஹால்ல படுக்கட்டும். சமையல் அவரு, பாத்திரம் அவரு. வெறும் சளிங்கிற பேச்சே வரக் கூடாது. முரண்டு பிடிச்சா எங்கிட்ட அனுப்புங்க. அந்த மூஞ்சியை நான் ஒரு தடவை பாக்கணும்."

"பாப்பீங்க," என்று காற்றாகச் சொல்லிவிட்டு மூட்டை எழுந்தது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். போன வாரத்திலிருந்து அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த தையல்காரர் சற்று நகர்ந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் கையிலிருந்த கடைசி அட்டையையும் கொடுத்திருக்கிறார். இந்தக் காலத்தில் எத்தனை பேர் செய்வார்கள்? பசித்தது. சாப்பாட்டு டப்பாவுக்காக மேசைக்கடியில் கையை விட்டார். இல்லை. காலையில் யாரும் கட்டிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏன் என்று கேட்க நேரமில்லாமல் கிளம்பிவந்ததும்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கையில் ஒரு சாவி.

"மறந்தே போச்சு டாக்டர், அந்தம்மா இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. தூங்கிட்டிருப்பாங்களாம், பெல் அடிக்காம நீங்களே திறந்துக்கணுமாம். உங்க தலைகாணி ஹால்ல இருக்குமாம்."