ரொட்டிக்கல் வானேறு படலம்

கொட்டகலைக்கு மேலே மஞ்சு தவழும் மலைத்தோளில் இருபத்திரண்டு ஆண்டுகள் வெயிலையும் மழையையும் அட்டையையும் ஒருசேர வென்று நின்றவளும், தேயிலையின் ஈரிலை ஓர்மொட்டை இமைப்பொழுதில் கிள்ளியெடுக்கும் மின்னல்விரலாளும், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் மோட்டார் சைக்கிள் ஒலியை இரண்டு மலைக்கு அப்பாலேயே அறிந்துகொள்ளும் கூர்செவியாளும், சினந்து வாய் திறந்தால் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்கள் அத்தனையும் ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுக்கும் பெருங்குரலாளுமாகிய பேச்சியம்மா வாழ்க! ஈரமும் கிளையும் படாமல் அவள் இடுப்பில் கட்டிய படங்குத் துணி வாழ்க! அவள் அடுப்பில் அமர்ந்த ரொட்டிக்கல் வாழ்க! கலைமகளே, என் நாவில் வந்து அமர்வாயாக. இடம் போதாதென்றால் பேச்சியம்மாவின் நாவில் அமர்ந்துகொள், அங்கே இடம் தாராளம். நான் பாட வந்தது மண்ணுக்காகவும் பொன்னுக்காகவும் நடந்த போரை அல்ல. ஒரு பயணப்பைக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று தாயும் மகளும் நடத்திய போரைத்தான் பாட வந்தேன்.

போரின் வித்து கொழும்பிலிருந்து ரயிலேறி வந்தது. பேச்சியம்மாவின் ஒரே மகளும், தைத்த உடுப்புகளை ஏற்றுமதி செய்யும் கம்பெனியொன்றில் கணினி முன்னமர்ந்து கண் சிவக்க உழைப்பவளும், மூன்று வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தவளுமாகிய சர்மிளா, லீவு போட்டுக்கொண்டு வந்து, காம்பரா வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அந்தப் பேரறிவிப்பை வெளியிட்டாள். குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். அங்கே கடலோரத்தில் ஒரு விளையாட்டு மாநகரம் உண்டு. வானளாவ எழுந்து வயிறு கலங்க வீழும் ராட்டினங்களும், மனிதரைத் தலைகீழாய்த் தொங்கவிட்டு அதற்குக் காசும் வாங்கிக்கொள்ளும் இரும்பு நாகங்களும், செயற்கை அலை வீசும் குளங்களும், அவற்றின் நடுவே வெண்பஞ்சு மெத்தை விரித்த மாளிகை விடுதியும் கொண்ட நகரம் அது. மலிவு விலை டிக்கெட் அடுத்த நாள் மாலையோடு முடிந்துவிடும் என்றும் சொன்னாள்.

சர்மிளாவுக்கு ராட்டினத்தின் மேல் பெரிய ஆசையொன்றும் கிடையாது. விடிவதற்கு முன்னே எழுந்து, ரொட்டி சுட்டு, தேயிலைச் சாயம் வைத்து, மழையோடு மலையேறிப் போகும் தாயை நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்தவள் அவள். மூன்றே மூன்று காலை அம்மா நேரம் கழித்து எழும்ப வேண்டும். வேறு யாரோ தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்க வேண்டும். அவள் காசு சேர்த்தது அதற்குத்தான். அம்மா வராவிட்டால் அந்த மாநகரம் எரிந்து போனாலும் அவளுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் மலிவு விலை விமானம் ஒரு கொடுங்கோல் விதியோடு வந்தது. ஆளுக்கு ஒரு கைப்பை, பைக்கு ஏழு கிலோ, அதற்கு மேல் ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்கும் இடமில்லை. இதைக் கேட்ட பேச்சியம்மா அஞ்சினாளில்லை. முதலில் கணவன் அழகுமுத்துவின் பைமீது படையெடுத்தாள். தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்த அந்தச் சாதுவின் இரண்டு சாரத்தையும் ஒரு சட்டையையும் மூலைக்குத் தள்ளிவிட்டு, மிச்ச இடத்தைக் கோதுமை மாவால் நிரப்பினாள். அடுத்து மகளின் பை வீழ்ந்தது. அங்கே கருவாடும் தேங்காயும் தோட்டத்துத் தேயிலைத்தூளும் கொடி நாட்டின. இரண்டு பையும் ஏழு கிலோவைத் தொட்டுவிட்டன. மூன்றாவதாக அவளுடைய சொந்தப் பை. அதில் இரண்டு சேலை, விமானத்துக் குளிருக்குக் கம்பளி, சம்பல் போத்தல், இவற்றின் மேல் அரசகம்பீரத்தோடு ரொட்டிக்கல்.

அந்தக் கல்லின் பெருமையை யார் பாட வல்லார்? கார்முகில் வண்ணம், முழுநிலா வட்டம், எண்ணெய் குடித்து எண்ணெய் குடித்து ஏறிய மினுக்கம். கல்யாணமான புதிதில் ஹட்டன் கடையொன்றில் வாங்கியது. பெயர்தான் கல், சாதி இரும்பு. மாமியாருக்கும் மாமனாருக்கும் சுட்டுப் போட்டு, மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, வேலைநிறுத்தக் காலத்தில் வெறும் மாவையும் தண்ணீரையும் வைத்தே காம்பராவின் வயிற்றை ஆற்றிய கல் அது. சர்மிளா பையைத் தூக்கிப் பார்த்தாள். தோள் இறங்கியது. கல்லை வெளியே எடுத்து வைத்தாள். பேச்சியம்மா அதை உள்ளே எடுத்து வைத்தாள்.

இப்படி எடுப்பதும் வைப்பதுமாக அன்று முழுவதும் போர் நடந்தது. விடுதியில் சாப்பாடு உண்டு என்றாள் மகள். அது யார் சுட்டதோ என்றாள் தாய். விடுதியில் அடுப்பே கிடையாதே, கல்லை எங்கே வைப்பாய் என்றாள் மகள். அடுப்பில்லாத ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்றாள் தாய். வாதம் வற்றியபோது உண்ணாவிரதம் எழுந்தது. அது தேத்தண்ணி நேரம் வரை தாக்குப்பிடித்தது. இறுதியாகப் பேச்சியம்மா வாசற்படியில் நின்று, எதிர்லயமும் கேட்கும்படி, மாற்ற முடியாத தன் சபதத்தை உரைத்தாள்.

"கல்லு வந்தா நான் வர்றேன். கல்லு வரலேன்னா நீங்க அப்பாவும் மகளும் போய்ட்டு வாங்க. நான் இங்கயே கெடக்கேன்."

பிடிவாதம் என்று எதிர்லயத்தார் பேசிக்கொண்டார்கள். பிடிவாதம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடியில் பயமும் இருந்தது. கதிர்காமத்துக்கு அப்பால் அவள் போனதில்லை. பாஷை தெரியாத ஊரில், பெயர் தெரியாத சோற்றின் முன்னால், தனக்கு ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கல் கூட இருந்தால் எந்த ஊரிலும் தான் பேச்சியம்மாதான் என்று நினைத்தாள்.

அதுவரை நடுநிலை காத்து, அதாவது கரட் பாத்தியில் ஒளிந்திருந்து, மறுநாள் மதியம் வெளிப்பட்ட அழகுமுத்து, தன் வாழ்நாளிலேயே முதன்முறையாக ஒரு தீர்ப்பை வழங்கினார்.

"ஏன் ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறீங்க? மடுவத்துத் தராசுல போட்டுப் பாப்போம். ஏழுக்குள்ள இருந்தா கல்லு போகட்டும். மிஞ்சுனா கல்லு நிக்கட்டும்."

மடுவம் என்பது பெண்கள் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே தொங்கும் மின்தராசைத் தவிர அந்த மலையில் வேறு நீதிபதி கிடையாது. மகள் உடனே சம்மதித்தாள். ஆச்சரியம், தாயும் உடனே சம்மதித்தாள். ஏனென்று கேளுங்கள். அந்தத் தராசு முழு உண்மை சொல்லும். அதன் அருகே நிற்கும் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் சொல்ல மாட்டார். சாக்குக்கு என்றும், இலையில் நின்ற தண்ணிக்கு என்றும், எந்தப் பை தொங்கினாலும் இரண்டு கிலோவைக் கழித்துவிட்டுத்தான் அவர் வாய் திறக்கும். வெயில் சுட்டெரிக்கும் மாதத்திலும் அவர் கண்ணுக்கு இலையில் தண்ணீர் தெரியும். அந்த இரண்டு கிலோவுக்காகப் பேச்சியம்மா இருபத்திரண்டு வருடமாக அவரோடு தொண்டை கிழியச் சண்டை பிடித்து ஒருநாள்கூட வென்றதில்லை. இன்று அதே இரண்டு கிலோ தன் பக்கம் நின்று போரிடப் போகிறது என்று கணக்குப் போட்டாள். ரொட்டிக்கல்லின் எடையும் கிட்டத்தட்ட இரண்டு கிலோதான். விமான நிலையத்துத் தராசு என்ன சொல்லுமோ என்பது வேறொரு நாளின் போர்.

புறப்பட்டது படை. முன்னே சிவப்பு உருட்டுப்பையைத் தலையில் சுமந்து பேச்சியம்மா. உருட்டுவதற்குச் சக்கரம் இருந்தும், மலைப்பாதையில் சக்கரத்தை நம்பும் பழக்கம் அவளுக்கில்லை. பின்னே நெற்றி சுருக்கிய சர்மிளா. அதற்கும் பின்னே, தான் தொடங்கிவைத்ததை எண்ணி வருந்தியபடி அழகுமுத்து. மாலைக் கொழுந்து நிறுக்கும் வேளை. தலையில் கொழுந்துச் சாக்கு தொங்க, தேயிலைச் சாயம் ஏறிய கைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பைக்கு வழி விட்டார்கள். செய்தி அவர்களுக்கு நேற்றே எட்டியிருந்தது.

கொக்கியில் பை ஏறியது. ஆடியது. நின்றது. செவ்வெழுத்தில் ஒன்பது என்று மின்னியது தராசு. அதை ஆண்டியப்பன் பார்த்தார், பேச்சியம்மா பார்த்தாள், மகளும் பார்த்தாள். பிறகு கணக்கப்பிள்ளை, எந்த வஞ்சனையும் இல்லாமல், பழகிய வாய் பழகிய தடத்தில் ஓட, உரக்கச் சொன்னார்.

"பேச்சியம்மா, ஏழு."

வெற்றி! கல் வானேறிற்று! கடல் தாண்டிற்று! அந்நிய நாட்டு அடுப்பில் அமர்ந்து பொன்னிற ரொட்டிகளைப் பிரசவித்தது! ஒரு நொடி. ஒரே ஒரு நொடி பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், இத்தனையும் நடந்திருக்கும். சர்மிளா மறுத்துப் பேச வாய் திறந்தாள். ஆனால் அவளை முந்திக்கொண்டு வேறொரு குரல் எழுந்தது. கண் ஒன்பதைக் கண்டு, காது ஏழைக் கேட்ட மாத்திரத்தில், இருபத்திரண்டு ஆண்டு ஆத்திரம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்தப் பெருங்குரலாளின் தொண்டை வழியே வெளியே வந்துவிட்டது.

"ஒம்பதுன்னு காட்டுது, ஏழுன்னு சொல்றீங்க. ரெண்டு கிலோ எங்க போச்சு, கணக்கப்புள்ள?"

"சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சேன்," என்றார் ஆண்டியப்பன், யோசிக்காமலே.

"இதுல சாக்கு எங்க இருக்கு? தண்ணி எங்க இருக்கு? என்னோட சேல தண்ணியா? கம்பளி தண்ணியா? தெறந்து காட்டவா?"

ஆண்டியப்பன் பையைப் பார்த்தார். சாக்கு இல்லை. குனிந்து அடியைத் தடவிப் பார்த்தார். சொட்டு ஈரமில்லை. கொழுந்துக்கு ஆயிரம் சமாதானம் சொல்லிப் பழகிய அந்த மனிதருக்குச் சிவப்பு உருட்டுப்பைக்கு ஒரு சமாதானமும் தோன்றவில்லை. தொண்டையைச் செருமினார், தொப்பியைக் கழற்றி மாட்டினார், கடைசியில் அந்த மடுவம் கட்டிய நாள் முதல் எந்தக் கணக்கப்பிள்ளையும் உச்சரித்திராத சொல்லை உச்சரித்தார்.

"சரி. ஒம்பதுதான்."

எழுந்தது ஆரவாரம்! கைகள் தட்டப்பட்டன, படங்குகள் உதறப்பட்டன, பள்ளத்தில் மேய்ந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அடுத்து நின்ற லோஜினி என்னும் இளையவள், ஆரவாரம் அடங்கும் முன்பே தன் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள். தராசு பதினெட்டு என்றது. ஆண்டியப்பன் வாய் பதினாறுக்குக் குவிந்தது. வரிசை முழுவதும் அவரை ஒரு பார்வை பார்த்தது. பதினெட்டு என்றார். அன்று மாலை தொங்கிய ஒவ்வொரு சாக்கும் தன் முழு எடையோடு இறங்கியது. நாளைக்கு விடிந்தால் தராசுக்கடியில் பழைய தண்ணீர் மறுபடி ஊறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்று முழு எடை இறங்கியது.

பெண்கள் பேச்சியம்மாவின் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகுதான், கொக்கியிலிருந்து பையை இறக்கும்போது, தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. வாயால் வென்ற இரண்டு கிலோ கைக்குள் இரும்பாய்க் கனத்தது. தன் கல்லைத் தானே, ஊரறிய, உரத்த குரலில் தோற்கடித்துவிட்டாள். அவள் முகம் விழுந்ததைச் சர்மிளா பார்த்தாள். வென்றவள் தானென்ற மகிழ்ச்சி அவளுக்கு எள்ளளவும் வரவில்லை. கல் இல்லையென்றால் அம்மா இல்லை என்பதல்லவா சபதம்? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தாயின் அருகே போய், மெதுவாக, அப்படியென்றால் வர மாட்டாயா என்று கேட்டாள்.

பேச்சியம்மா பையைத் திறந்தாள். கல்லை வெளியே எடுத்தாள். அதைச் சற்று நேரம் தடவிப் பார்த்துவிட்டுக் கணவன் கையில் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து, தராசையும் ஆண்டியப்பனையும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்த பெண்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இந்த மடுவத்தில் இப்படி வாய் திறக்க முடிந்த தனக்கு, பாஷை தெரியாத ஊரில் மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிடுவது அப்படி என்ன பெரிய காரியம் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது. பயம் முழுதாகப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன், பாதி போயிருந்தது. மலைகள் செவிசாய்க்க, மேகங்கள் நடைநிறுத்த, தேயிலைச் செடிகள் யாவும் தலைதாழ்த்தி நிற்க, அந்த வீரத்தாய் தன் இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"வர்றேன்டி. அங்க ரொட்டி நல்லால்லன்னா மட்டும் வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லாத."

சர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, மூன்று டிக்கெட் போட்டாள்.