தாம்பரக் குத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் ஒருவரிடம் கராத்தேயைக் காட்டி, "இது எங்க தாம்பரத்துல தோன்றின கலை" என்று சொன்ன மடையன் நான்தான். வேறு யாரோ என்று எங்கள் தெருவில் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். நம்பாதீர்கள். அந்தப் பெருமை முழுக்க எனக்கே.

இதில் கொடுமை என்னவென்றால், நல்லவனாக இருக்க ஆசைப்பட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கேளம்பாக்கம் போகிற சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க வாடிக்கையாளர்கள் மனம் கோணாமல் நடந்துகொள்வது எப்படி என்று எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். திரையில் ஒரு வெள்ளைக்காரர், செவ்விந்தியர்கள் சடங்குக்கு அணிகிற இறகுக் கிரீடத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு பீர் குடித்துக்கொண்டிருந்தார். "அடுத்தவர் பண்பாட்டை நம் பொழுதுபோக்குக்கு எடுத்துக்கொள்வதும் ஒரு வகைத் திருட்டுதான்" என்றார் பயிற்சியாளர். மற்றவர்கள் சமோசாவுக்கு சாஸ் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் திருந்திவிட்டேன்.

சேலையூரில் வீடு வந்து சேர்வதற்குள் என் வாழ்க்கை மொத்தமும் திருட்டுச் சொத்தாகத் தெரிய ஆரம்பித்தது. சடைமுடி வைத்த ஜமைக்காக்காரர் படம் போட்ட டி-சர்ட்டைக் கழற்றி அம்மாவிடம் கரித்துணிக்குக் கொடுத்தேன். (அம்மா அதை வாங்கிக்கொண்டு, "இது முன்னாடியே கரித்துணிதானே?" என்றாள்.) கேம்ப் ரோடு தள்ளுவண்டியில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிடப் போய், "சீனாக்காரங்க இதைப் பார்த்தா வருத்தப்பட மாட்டாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"கறிவேப்பிலை போட்டுத் தாளிச்சு வச்சிக்கீறேன். அவனே வந்தாலும் அடையாளம் தெரியாது. துன்னு சார்" என்றார் வண்டிக்காரர்.

ஃப்ரைடு ரைஸைச் சமாளித்துவிட்டேன். கராத்தேயைத்தான் சமாளிக்க முடியவில்லை.

கல்லூரிக் காலத்திலிருந்து கராத்தே கற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் வகுப்பு. குணா மாஸ்டர் பகலில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். ஓடு உடைப்பதற்கு முன் அதற்குக் கற்பூரம் காட்டுவார். ஆயுத பூஜையன்று நுஞ்சாக்குக் கட்டைக்குச் சந்தனம், குங்குமம், பொரி எல்லாம் உண்டு. என்னோடு சேர்ந்தவர்கள் கறுப்பு பெல்ட் வாங்கி, கல்யாணம் செய்து, தொப்பையும் போட்டுவிட்டார்கள். நான் இன்னும் பிரவுன் பெல்ட். தேர்வில் தோற்று வரும்போதெல்லாம் அப்பா, "கறுப்பு பெல்ட்தானே வேணும்? பேன்ட்டுக்குப் போடுறது என்கிட்டயே ஒண்ணு இருக்குடா" என்பார். மே மாதம் மறுபடி தேர்வு. இந்த முறை வாங்காவிட்டால் கராத்தேக்கே முழுக்கு என்று அப்பா முன்னால் சபதம் செய்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டு முதல் மாடிக்கு ஹிரோஷி குடிவந்தார். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வந்த எஞ்சினியர். என் வயதுதான் இருக்கும். அசல் ஜப்பானியர். அவர் தலைக்கு நேர் மேலே எங்கள் திருட்டு நடந்துகொண்டிருந்தது.

"மாஸ்டர், இது அவங்க கலை. நாம இதுக்குக் கற்பூரம் காட்டுறதைப் பார்த்தா அவர் மனசு புண்படும்" என்றேன்.

"இன்னாபா பேஜாரா கீது? நாம இன்னா சுவரேறிக் குதிச்சா தூக்கிக்கினு வந்தோம்? எங்க மாஸ்டராண்ட நான் கத்துக்கினேன், அவரு அவரோட மாஸ்டராண்ட கத்துக்கினாரு."

"அவர் கோச்சிக்கிட்டுக் காலி பண்ணிட்டா, அப்பா நம்ம வகுப்பைக் காலி பண்ணிடுவார் மாஸ்டர்."

இது வேலை செய்தது. வெள்ளை உடைகளை மூட்டை கட்டினோம். எல்லோரும் லுங்கி, பனியனுக்கு மாறினோம். "இச், நீ, சான்" என்று ஜப்பான் மொழியில் எண்ணுவதை நிறுத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினோம். பழக்கதோஷத்தில் யாராவது "இச்" என்று ஆரம்பித்தால், அதைத் தும்மலாக முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. கொஞ்ச நாளில் மாடி முழுக்க ஜலதோஷம்.

ஒரு சனிக்கிழமை மாலை, ஹிரோஷி மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். சற்று நேரம் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

உடற்பயிற்சி என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். என் வாய் சொன்னது: "இது எங்க ஊர்க் கலை சார். பல்லவர் காலத்துலேர்ந்து இருக்கு. பேரு, தாம்பரக் குத்து."

குணா மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் ஓடு இருந்திருந்தால் தானாக உடைந்திருக்கும்.

ஹிரோஷி குனிந்து வணங்கி, "நானும் கற்றுக்கொள்ளலாமா?" என்றார்.

ஆக, ஜப்பானிலிருந்து கடன் வாங்கிய குற்றத்துக்குப் பயந்து, கடையையே என் பேருக்கு எழுதிக்கொண்டு, முதலாளியைக் கல்லாவுக்கு எதிரே வாடிக்கையாளராக நிற்க வைத்துவிட்டேன். மறுநாளே ஹிரோஷி லுங்கியோடு வந்தார். பையன்கள் அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் என்னை "மச்சான்" என்று கூப்பிட்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல தினமும் மாடியேறுவேன். அவர் சந்தோஷமாகக் குத்துவதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன்.

தேர்வு நாள் வந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து கிராண்ட் மாஸ்டர் வந்து இறங்கினார். வரிசையாக லுங்கிகளைப் பார்த்தார்.

"என்ன குணா, கராத்தேயா, மீன்பாடி வண்டி ஸ்டாண்டா?"

"வெயில் ஜாஸ்தி மாஸ்டர்" என்றார் குணா மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு.

அதே நேரம் படியில் காலடிச் சத்தம். ஹிரோஷி தன் தொழிற்சாலையிலிருந்து இரண்டு ஜப்பானியர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் கழுத்தில் கேமரா. "அழிந்துகொண்டிருக்கிற கலையாம், படம் எடுத்து வைக்க வேண்டும்" என்றார்கள்.

கிராண்ட் மாஸ்டருக்கு நான் கராத்தே காட்ட வேண்டும். கேமராவுக்குத் தாம்பரக் குத்து காட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே உடம்புதான் இருந்தது. கைகளை ஜப்பானிய முறையில் வைத்து, முகத்தைப் பல்லவ முறையில் வைத்துக்கொண்டேன். (அது எப்படி என்று கேட்காதீர்கள். மூலம் வந்தவன்போல் இருந்ததாகத் தங்கை சொன்னாள்.) ஓங்கி ஓர் உதை விட்டேன். கால் போய்விட்டது, லுங்கி போகவில்லை. இடையில் சிக்கிய நான் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி மாடியின் மறுகோடிக்குப் போய், அம்மா காலையில் பிழிந்து காயவைத்திருந்த வடாத்தின் மேல் முழு நீளத்துக்கு விழுந்தேன்.

"ஐயோ, என் வடாம்!" என்று அம்மா ஓடிவந்தாள். மகனைத் தாண்டிக்கொண்டுதான் ஓடிவந்தாள்.

கேமரா இடைவிடாமல் கிளிக்கியது. கிராண்ட் மாஸ்டர் கொதித்துப்போய், மூன்று ஜப்பானியர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று முழங்கினார்: "மன்னிக்கணும்! உங்க நாட்டுக் கராத்தேக்கே இது அவமானம்! இவன் ஃபெயில்!"

"கராத்தே?" என்றார் ஹிரோஷி.

முதுகில் வடாத்தோடு எழுந்து கைகூப்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். இறகுக் கிரீடம், ஃப்ரைடு ரைஸ், பல்லவர் காலம், எல்லாம். "உங்க கலையைத் தொட்டதே தப்புன்னு நினைச்சேன் சார். கடைசியில அதோட பேரையே மாத்திட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், கேமராக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவமானம் எதுவும் அவர்களுக்கு ஏற்பட்டதாகத் தெரியவில்லை. என்னிடமிருந்த கையிருப்பே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

எனக்குக் கறுப்பு பெல்ட் கிடைக்கவேயில்லை. சபதப்படி விட்டுவிட்டேன். ஹிரோஷி வெள்ளை உடையில் முறையாகச் சேர்ந்து, குணா மாஸ்டர் கற்பூரம் காட்டி மஞ்சள் பெல்ட் கட்டிவிட, அதோடு ஊருக்குப் போனார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது இல்லாத பெருமை பேசினால் "தாம்பரக் குத்து" என்பார்கள். என் மனைவி ஒருநாள் பாஸ்தாவை "எங்க அம்மா வழிச் சமையல்" என்றபோது, என் பையனே அப்படிச் சொன்னான். அவன் அப்போது எல்கேஜி.

ஹிரோஷி ஊருக்குக் கிளம்பிய அன்று அவரை விமான நிலையத்தில் விடப் போயிருந்தேன். நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"ஏன் சார், ஜப்பான்ல பிறந்து வளர்ந்திருக்கீங்க. கராத்தேயைப் பார்த்ததே இல்லையா? நான் தாம்பரக் குத்துன்னு சொன்னதை எப்படி நம்பினீங்க?"

பெட்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "பார்த்திருக்கேன் மச்சான், அதனாலதான் நம்பினேன்."