பந்தைப் பார்க்காத சல்லடை

ஒரே ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு கால்பந்து அணியைக் கட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் காரைக்குடியில் இருந்தார். கையில் கறுப்புக் குடை, அக்குளில் வெற்றிலைப் பை, பெயர் சல்லடை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து நூற்பாலை ஒன்று கால்பந்து அணி வைத்திருந்தது. அணியில் சேர்ந்தவனுக்கு மில்லிலேயே வேலை. அதனால் கல்லலில் இருந்து காளையார்கோவில் வரை கால் உள்ளவன் எல்லாம் எதையாவது உதைத்துக்கொண்டே திரிந்தான். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கட்டம் உண்டு. கோச் வந்து ஆட்டத்தைப் பார்ப்பார். பிறகு சல்லடை வந்து வீட்டைப் பார்ப்பார். கோச் சரி என்று சொன்ன பாதிப் பேரைச் சல்லடை சலித்துக் கீழே தள்ளிவிடுவார்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் ஒரு ஃபார்வர்டு. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அவர் மாமியார் ஊர் மஞ்சுவிரட்டைப் பார்க்கப் போனார். மாடு அவரை ஒன்றும் செய்யவில்லை. மாட்டுக்குப் பயந்து ஏறிய வேப்பமரத்தில் இருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மில் முதலாளிக்கு வந்த கோபம் ஒரு வாரம் தணியவில்லை. "இனிமே காலை மட்டும் பாத்து ஆள் எடுக்காதீக. அந்தக் கால் எந்த வீட்டுக் காலு, வேலை இல்லாத நேரத்துல எங்குட்டெல்லாம் போகுதுன்னு விசாரிச்சு எடுங்க" என்று உத்தரவு போட்டார். அந்த வேலைக்கு வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் உட்கார்ந்திருந்த சல்லடையைத் தவிர வேறு ஆள் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு ஐந்து கொழுந்தியாள்கள். ஐந்து பேருக்கும் அவர்தான் அலைந்து மாப்பிள்ளை விசாரித்தவர்.

ஆக, மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியே அவர் கோல்கீப்பரையும் விசாரித்தார். சலவைக்காரரிடம் போய், "சட்டைல பட்டன் இருக்கா, ஊக்கு இருக்கா?" என்பார். முடிவெட்டுகிறவரிடம், "கண்ணாடியைப் பாத்துக்கிட்டே இருக்கானா, கண்ணை மூடிக்கிறானா?" என்பார். பஸ் கண்டக்டரிடம், "உக்கார எடம் இருந்தும் படிக்கட்டுல தொங்குறானா?" என்பார். சாப்பாடு போட்டால் அப்பளத்தைக் கவனிப்பார். இலையில் விழுந்ததும் நொறுக்குகிறவன் ஃபார்வர்டு. கடைசி வாய் வரைக்கும் பத்திரமாக வைத்திருப்பவன் கோலுக்கு முன்னால் நின்று காக்கிற பேக். அடுத்த இலை அப்பளத்தைப் பார்ப்பவனை எங்கேயும் சேர்க்கக்கூடாது. இது அவருடைய சித்தாந்தம்.

ஆட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருவார். வந்து, கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் ஒரு மடக்கு நாற்காலியை மைதானத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "பந்தைப் பாக்கத்தான் கோச் இருக்காருல்ல" என்பார். அவர் கூட்டத்தைக் கவனிக்கிறார், யார் யாருக்கு யார் யார் சொந்தம் என்று முகத்தை வைத்தே குறித்துக்கொள்கிறார் என்று அணியில் இருந்த நாங்கள் எல்லோரும் நடுங்கினோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் கல்லல்காரன். அப்பா தச்சு வேலை. எனக்கு ஒரு அக்கா. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "தம்பி என்ன பண்றாக?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அப்பா உண்மையான மனிதர். "பந்து பிடிக்கிறான்" என்பார். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு மில் வேலை கிடைத்தால்தான் அக்காவுக்குக் கல்யாணம் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எனக்கு அது தெரியும். அதை நினைத்தால் சோறு இறங்காது.

நான் கோல்கீப்பர், ஊர் எனக்கு வைத்த பெயர் கொக்கு. பந்து தூரத்தில் இருந்தால் நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். மேகம், பட்டம், பறவை, எதுவும் இல்லாவிட்டால் வெறும் நீலம். ஒரு காலை மடக்கிக் கம்பத்தில் சாய்ந்து நான் லயித்திருந்த நேரத்தில் எத்தனையோ பந்துகள் என்னைத் தொந்தரவு செய்யாமல் உள்ளே போயிருக்கின்றன. கோச் பார்க்க வந்த அன்று மட்டும் என் அதிர்ஷ்டம், எங்கள் ஊர் பேக்குகள் இரண்டு பேரும் படு மோசம். பந்து என் பக்கமே கிடந்தது. கனவு காண நேரமே கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் பிடித்தேன். "கை நல்லாருக்கு. இனி சல்லடை வருவாரு" என்று சொல்லிவிட்டுக் கோச் போனார்.

எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. தெருத்தெருவாகப் போய்க் கெஞ்சினேன். "மில்லுல இருந்து பந்துக்கு ஆள் வருவாக. நான் வானத்தைப் பாக்குறதைச் சொல்லிராதீங்க." டீக்கடை மாமா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சல்லடையை எங்கள் ஊரில் யாரும் நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் அரைக்கால் சட்டையும் விசிலும் வைத்த ஒரு ஆளை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

சல்லடை ஒரு வெள்ளிக்கிழமை பாசஞ்சர் ரயிலில் இருந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, குடை, வெற்றிலைப் பை. நேராக டீக்கடைக்குப் போய், "அந்த ஆசாரி வீடு எப்பிடி? ஆளுக எப்பிடி?" என்றார்.

எங்கள் சீமையில் இப்படி ஒரு உருவம் வந்து இப்படி ஒரு கேள்வி கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீக்கடை மாமா பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"தங்கமான வீடுங்க. பொண்ணு அதுக்கும் மேல. சத்தம் வெளிய கேக்காது. அது வைக்கிற குழம்பு வாசம் ஸ்டேசன் வரைக்கும் வரும்."

"பையன் ஒருத்தன் இருக்கானாமே?"

"அவனா? அவனை நீக கணக்குலயே எடுக்க வேணாம். அவன் பாட்டுக்கு வானத்தைப் பாத்துக்கிட்டுக் கெடப்பான். சம்பந்தி சண்டைக்கெல்லாம் வரவே மாட்டான்."

போர்ட்டர், பூக்காரம்மா, தபால்காரர் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். அக்காவைத் தூக்கிவிடுவதற்காக என்னை ஆளுக்கு ஒரு கைகொடுத்துக் குழியில் இறக்கினார்கள். டீக்கடை மாமா எங்கள் வீட்டுக்கும் ஆள் அனுப்பிவிட்டார், "மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுசர் வர்றாரு" என்று.

இது எதுவும் தெரியாமல் நான் ஊருணிக் கரையில் மல்லாந்து படுத்திருந்தேன். பக்கத்தில் யாரோ துண்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

"என்ன தம்பி பாக்குற?"

"மேகம். வண்டி மாதிரி இருக்கு பாருங்க. மாட்டை அவுத்துவிட்டாச்சு, வண்டி மட்டும் தானாப் போகுது."

அவர் அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். "வண்டி இல்லப்பா. கப்பல். பினாங்குக்குப் போகுது" என்றார்.

கப்பல் மெதுவாகக் கலைந்து ஒரு கோபுரமாகி, கோபுரம் சாய்ந்து ஒரு கிழவரின் தாடியாகி, தாடியும் பிரிந்து போனது. ஊருணித் தண்ணீரில் அதே தாடி தலைகீழாக மிதந்தது. எவ்வளவு நேரம் போனது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

"பந்து பிடிப்பியாமே. பந்து தூரத்துல இருக்கையில என்ன செய்வ?" என்றார் திடீரென்று.

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. உண்மை தானாக வந்துவிட்டது. "இந்தா, இதத்தான் செய்வேன்."

"பந்து கிட்ட வந்துட்டா?"

"யாராச்சும் கூப்பிடணும். ஆனா எல்லார் கூப்பிட்டாலும் காதுல விழாது. வீட்டு ஆளுக கூப்பிட்டாத்தான் விழும்."

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் இருந்து அக்கா, "தம்பீ!" என்று கூப்பிட்டாள். நான் துள்ளி எழுந்தேன். அவரும் துண்டை உதறிக்கொண்டு என்கூடவே வந்தார். எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தார்.

வீட்டில் கேசரி, பஜ்ஜி, அக்காவுக்குப் பட்டுப் புடவை. அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். அப்பா கைகூப்பி, "மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்க?" என்றார்.

"எந்த மாப்பிள்ளைக்கு?" என்றார் அவர். "நான் மில்லுல இருந்து..."

அவ்வளவுதான். யாரிடம் மறைக்க ஊர் முழுக்கச் சத்தியம் வாங்கினேனோ அவரிடமே என் வாயாலேயே ஒப்பித்திருக்கிறேன். இனி வேலையும் இல்லை, அக்கா கல்யாணமும் இல்லை. அக்காவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தட்டில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அவள் தலையைத் தூக்கவே இல்லை.

சல்லடை அந்தச் சத்தத்தைக் கேட்டார். அக்காவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மில்லுல இருந்து பையனை விசாரிக்க வந்தேன். பொண்ணையும் விசாரிக்கத்தான் வந்தேன். ரெண்டுக்கும் ஒரே ரயில் டிக்கெட்டா முடிச்சிருவோம்னு வந்துட்டேன். காபியைக் குடு தாயி, ஆறிரப் போகுது."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பொய்யைச் சலித்த மனிதர் சொன்ன ஒரே பொய் எனக்குத் தெரிந்து அதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருந்தார். எனக்கும் அவருக்கும் அருகருகே இலை. சாப்பாடு முடிந்து இலையை எடுக்க வந்த அக்கா கொஞ்சம் நின்று பார்த்தாளாம். அவர் முற்றத்துக்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்திருந்தார். நானும் அப்படித்தான். இரண்டு இலையிலும் அப்பளம் தொடாமல் முழுசாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து எனக்கு மில்லில் வேலை வந்தது. அடுத்த தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் சனம்தான், மில்லில் ஃபிட்டர், அணியில் பேக். அப்பளத்தைக் கடைசி வரைக்கும் காப்பாற்றுகிற மனிதர். சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்காக அந்த மூன்று மாதமும் சல்லடை அணியில் இருந்தவர்கள் வீட்டையெல்லாம் மறுபடி சலித்திருக்கிறார்.

வேலையில் சேர்ந்தபின் ஆடிய முதல் ஆட்டத்திலேயே நான் கோல் விட்டிருந்தேன். நல்ல பேக்குகள் இருந்ததால் பந்து என் பக்கமே வரவில்லை. வந்தபோது நான் ஒரு பருந்தோடு இருந்தேன். கோச் சல்லடையிடம் பாய்ந்தார். "என்னத்தைய்யா விசாரிச்சீக?"

"கையை நீக விசாரிச்சீக. வீட்டை நான் விசாரிச்சேன். தை வரைக்கும் பொறுங்க. கொக்குக்கு முன்னாடி ஒரு சொந்தக்காரன் நிக்கணும். அன்னியன் கத்துனா அது திரும்பாது" என்றார் சல்லடை.

தைக்குப் பிறகு அத்தான் எனக்கு முன்னால் நின்று, "மாப்ள, பந்து!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். நான் விழித்துக்கொண்டு பாய்வேன். எட்டு வருடம் எங்கள் மில்லின் கோலைக் காத்தது என் கையும் அத்தானின் தொண்டையும்தான்.

எழுபதுகளின் நடுவில் சல்லடை ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆட்டத்துக்கு யார் சொன்னார்களோ, அவருடைய நாற்காலியைப் பழைய இடத்திலேயே, மைதானத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்தார்கள். பந்து அந்தக் கோடியில் இருந்தது. நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதல் முறையாகக் கவனித்தேன். அங்கே கூட்டமே இல்லை. நாங்கள் நடுங்கியதெல்லாம் வீண். அங்கே இருந்தது ஒரு கண்மாயும், அதற்கு மேல் மறைப்பே இல்லாத வானமும்தான். மேகம் ஒன்று கப்பல் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

பந்து எனக்குப் பக்கத்தில் உருண்டு உள்ளே போனது. "மாப்ள" என்ற சத்தம் அன்றைக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.