கானா விதை போட்ட டீ

பெண் கேட்கப் போகிறவன் வாயைத் திறந்து உளறினால்கூடச் சமாளித்துவிடலாம். அடுப்படிப் பக்கம் மட்டும் போகக்கூடாது. நான் போனேன்.

நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட எஸ்தரின் அப்பாவுக்கு சேவூரில் பட்டுத்தறி. நானோ களம்பூர் அரிசி மில்லில் லாரி லோடு பார்ப்பவன். "தறி வேலை தெரியாத பையன் நம்ம வீட்டுக்கு எதுக்கு?" என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சனிக்கிழமை பாவு நீட்டறோம். வந்து கூட நிக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

பாவு என்பது புடவையின் நீள இழைகள். அவற்றைத் தெரு நீளத்துக்கு இழுத்து, கஞ்சி தெளித்து, காய்ந்ததும் உருளையில் சுற்ற வேண்டும். சுற்றி முடியும்வரை பிடித்தவர்கள் கையை விடக்கூடாது. விட்டால் இழையெல்லாம் சிக்கிக்கொள்ளும். அதனால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து கைகொடுப்பார்கள், வீட்டுக்காரர் டீ கொடுப்பார். என்னை இழைப் பக்கமே விடவில்லை.

"தம்பி டீ போடட்டும்" என்றார் எஸ்தரின் அப்பா. (இளக்காரமாகத்தான் சொன்னார். நான் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டேன்.)

அவருக்கு வாயுத்தொல்லை என்று கேள்விப்பட்டு, காணிக்கையாக ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். என் அக்கா வீட்டுக்காரர் ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் மெக்கானிக். லீவில் வந்தபோது கொடுத்தது. அத்திப்பழம் அளவில் காய்ந்த காய்கள், உள்ளே மிளகைவிடச் சின்ன விதைகள். ஏலக்காய்க்குச் சொந்தமாம்.

"அங்க இத இடிச்சுக் குழம்புல போடுவாங்க. சளி, வாயு, வயித்துவலின்னா ரெண்டு மூணு விதைய மென்னுகினு இருப்பாங்க" என்று சொல்லியிருந்தார்.

ஒரு ஆளுக்கே இரண்டு மூன்று என்றால் ஒரு தெருவுக்கு? தாராள மனசுக்காரன் நான். மொத்தத்தையும் நுணுக்கி டீ அண்டாவில் கொட்டினேன்.

பாவைச் சுற்றத் தொடங்குமுன் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். மணம் தெருவையே தூக்கியது. "இன்னாபா, ஏலக்காய் டீயா? பிரமாதம்" என்றார் பக்கத்து வீட்டு தேவராஜ் அண்ணன். எஸ்தரின் அப்பாவே, "சரி வா, நீயும் ஒரு கை புடி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்டாவின் அடியில் விதைத்தூளோடு தேங்கியிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஓடிப்போய்ப் பாவின் ஒரு முனையைப் பிடித்தேன்.

அந்த விதையில் மணம் முதலில் வரும், காரம் ஆற அமரப் பின்னால் வரும். இது எனக்குத் தெரியாது.

பாதி சுற்றியிருப்போம். தேவராஜ் அண்ணனின் காது சிவந்தது. எதிர்வீட்டு அக்கா நாக்கை வெளியே நீட்டியபடியே இழையைப் பிடித்திருந்தார். தெரு முழுக்க 'ஸ்ஸ்... ஸ்ஸ்' என்று சத்தம்.

"யாரும் கைய விடாதீங்க, ஜல்தி சுத்துங்க" என்று கண்ணில் நீர் வழியக் கத்தினார் எஸ்தரின் அப்பா.

அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார்கள். விட்டவன் நான்தான். குழாயடிக்கு ஓடி, தண்ணீருக்கு அடியில் வாயைப் பிளந்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் என் பக்கத்துப் பாவு மண்ணில் சுருண்டு கிடந்தது. எஸ்தர் தலையில் கை வைத்து நின்றாள். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"டீல இன்னா போட்ட?" என்றார் அவள் அப்பா.

"வாயுவுக்கு நல்லதுங்க."

அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை. தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி ஒரு ஏப்பம் வந்தது. எரியும் வாயோடு தெருவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "உக்காந்து சிக்கு எடு. எடுத்து முடிக்காம பொண்ணு பேச்சே பேசாத" என்றார்.

தினமும் மில் முடிந்ததும் சேவூருக்கு பஸ் ஏறினேன். எஸ்தர் எதிரே உட்கார்ந்து எந்த இழை எங்கே போகிறது என்று காட்டிக்கொடுத்தாள். (வேண்டுமென்றே மெதுவாகத்தான் காட்டினாள்.) கடைசி இழை பிரிந்த அன்று அவள் அப்பா சம்மதம் சொன்னார்.

இப்போதும் மாமனார் வீட்டில் டீ வந்தால் யாரும் தம்ளரைத் தொடுவதில்லை. முதலில் நான் குடிக்க வேண்டும். எல்லாரும் என் காதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பொறுங்க, காரம் லேட்டாத்தான் வரும்" என்பார் மாமனார். அந்த வீட்டில் சூடாக டீ குடிப்பவன் நான் ஒருவன்தான்.