செவ்வரளிக்கு மாற்றல் உத்தரவு

அந்தச் செவ்வரளி இன்றோடு வீட்டை விட்டு வெளியேறியாக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். பொதுநலம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பால்கனியில் ஒரே ஒரு மூலைக்குத்தான் காற்று வரும். அங்கே மனைவியின் அரளித் தொட்டி பாறாங்கல் மாதிரி குந்தியிருந்தது. என் சாய்வு நாற்காலிக்கு அந்த மூலை வேண்டும். சுயநலத்தைச் சொன்னால் எடுபடாது. அதனால் விஷத்தைச் சொன்னேன்.

“அது பூவில்லம்மா, எமன்! இலை, தண்டு, வேர் எல்லாமே விஷம்.”

“பாக்க அழகாத்தானே இருக்கு?”

“அழகா இருந்தாலே சந்தேகப்படணும்.”

“அப்ப என்னை?”

“சேச்சே! உன்மேல எனக்குச் சந்தேகமே வந்ததில்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவள் தொட்டியின் பக்கம் திரும்பினாள்.

“சரி, விஷம்னே வச்சுக்குவோம். என்ன பண்ணலாம்?”

இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“தெருவுல வச்சுடலாம்.”

“ஆடு மாடு மேஞ்சா அந்தப் பாவம் யாருக்கு?”

“எரிச்சுடலாம்.”

“புகையும் விஷமாச்சே. தெருவையே கொல்லப் பாக்கறீங்களா?”

“எதிர் வீட்டுக்குக் குடுத்துடலாம்.”

“அங்க தவழுற குழந்தை இருக்கு!”

கொலைகாரன் செடியா, நானா என்று எனக்கே குழம்பிவிட்டது. “நீயே ஒரு வழி சொல்லேன்” என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

“பூட்டி வைக்கிற ரூமா இருக்கணும். ஜன்னல்ல வெயிலும் வரணும்.”

எங்கள் வீட்டில் அப்படி இருப்பது நான் ஆபீஸ் வேலை பார்க்கும் அறை ஒன்றுதான். ஜன்னலோரத்திலிருந்து என் மேஜை நகர்ந்தது. நகர்த்தியவன் நான். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, இடுப்பு ஒடியத் தொட்டியைச் சுமந்தவனும் நான். விஷத்தைப் பற்றி வீட்டில் விவரம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தானாம். அதனால் தண்ணீர் ஊற்றுவதும் சருகு பொறுக்குவதும் இனி என் இலாகா. சாவி மட்டும் அவளிடம். நான் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனாம்.

போகட்டும், மூலை கிடைத்ததே! நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். அந்த மூலையில் அவள் தையல் மெஷினோடு உட்கார்ந்து, ஜிலுஜிலு காற்றில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது?” என்றேன், நாற்காலியை இறக்கக்கூடத் தோன்றாமல்.

“மெஷினை இங்க போடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைங்க. அந்தத் தொட்டியைத் தூக்கத்தான் ஆள் கிடைக்கல.”