கசிமீரோ கடையில் எல்லாம் உண்டு

'உண்டு' ஆசாமி என்று உலகத்தில் ஓர் இனம் இருக்கிறது. கேட்ட பொருள் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிற வழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது.

ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரமே 'அய்' என்றொரு சொல்லைச் சொல்லித் தருவார்கள். உண்டு என்று பொருள். ஒன்று இருந்தாலும் 'அய்', ஓராயிரம் இருந்தாலும் 'அய்'. முன்னால் ஒரு 'நோ' போட்டால் இல்லை. இந்தப் பின்பாதியை நடத்திய அன்று மெக்சிகோவின் புயேப்லா நகரத்தில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் டான் கசிமீரோ வகுப்புக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும்.

சோப்பு? "அய்!" குடைக்கம்பி? "அய்!" குதிரை லாடம்? "அய்! உக்காருங்க, இதோ எடுத்தாரேன்." பின்வாசல் வழியாக ஓடி, நாலு கடை ஏறி இறங்கி, எங்கேயோ வாங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொந்தச் சரக்கு போல நீட்டுவார். இல்லை என்று சொன்னால் நாக்கு என்ன தேய்ந்தா போய்விடும்? அவருக்குப் போய்விடும்.

இந்த வருஷம் மூவரசர் திருநாள் ரொட்டியை வெட்டியபோது, உள்ளே ஒளித்து வைத்த பொம்மை அவர் துண்டில் வந்தது. பொம்மை கிடைத்தவர் பிப்ரவரி இரண்டாம் தேதி தெருவுக்கே தமால் விருந்து போட வேண்டும். போடாதவர் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது.

"தமால் உண்டா அண்ணே?"

"அய்!" என்றார் கசிமீரோ. சோளமாவை மட்டையில் சுற்றி அவிக்க, தெருக்கோடி டோன்யா பெத்ரா இருக்கும்போது என்ன கவலை?

பிப்ரவரி இரண்டாம் தேதி காலை அவள் வீட்டுக்குக் கூடையோடு போனார்.

"பெத்ரா, எனக்கு அறுபது எடும்மா."

"இல்ல."

"அண்டா கொதிக்குதே?"

"கொதிக்குது. பாதிரியாருக்கு நாப்பது, முடிதிருத்துறவருக்கு முப்பது, கல்யாண வீட்டுக்கு நூறு. எல்லாம் உங்க கடையில தமால் கேட்டு வந்தப்ப, 'அய், பெத்ராகிட்ட உண்டு'ன்னு சொல்லி நீங்க அனுப்புன ஆளுங்கதான். உங்களுக்கு வேணும்னு நீங்க சொல்லவே இல்லியே அண்ணே!"

பாவம், மனிதர் காலிக் கூடையோடு வீடு திரும்பினார். வீட்டு வாசலில் தெருவே தட்டோடு நின்றது.

"என்ன அண்ணே, வாசனையே காணோம்? தமால் உண்டா, இல்லியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக.

"அய்! உக்காருங்க, இதோ எடுத்தாரேன்."

பின்வாசல் வழியாக ஓடி, பக்கத்து ஊர் பஸ்ஸில் ஏறி, கடைசி இருக்கையில் கூடையோடு ஒடுங்கிக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பருத்த அம்மாள் ஏறி, "இடம் உண்டா?" என்றாள்.

"அய்!" என்று சொல்லி எழுந்து நின்றார் கசிமீரோ.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் ஈரத்துண்டோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டு, போனில் "கிளம்பிட்டேன், பாதி வழியில இருக்கேன்" என்றது யார்?